பாதியில் நிறுத்த முடியுமா? சிறப்புத் தேவையுள்ள பெண்பிள்ளைகளின் முக முடிக்கு எந்தக் கருவி சரி – பெங்களூர் மதிப்பீடு

கடையில் போய் நின்றால் "ஸ்மூத்தா வரும் மேடம், ஒரு வாரம் தாங்கும்" என்றுதான் எடுத்துக்கொடுப்பார்கள். ஆட்டிசம், டவுன் சிண்ட்ரோம், பெருமூளை வாதம், அறிவுத்திறன் குறைபாடு உள்ள பெண்பிள்ளைக்கு வாங்கும்போது அந்த இரண்டு பெருமையும் அப்புறம்தான். முதலில் கேட்க வேண்டியது வேறு. பிள்ளை தலையைத் திருப்பிவிட்டால் அந்த நொடியே நிறுத்த முடியுமா? நிறுத்தினால் முகத்தில் எரிச்சலோ பசையோ பாக்கி நிற்காதா? வேக்ஸைப் பூசிவிட்டால் இழுத்தே ஆகவேண்டும். க்ரீமைப் பூசிவிட்டால் கழுவியே ஆகவேண்டும். ட்ரிம்மரைக் கையோடு எடுத்துவிட்டால் அவ்வளவுதான். மேலுதட்டில் பாதி இன்றைக்கு, மீதி நாளைக்கு. யாருக்கும் நஷ்டமில்லை.

சந்தையில் கிடைப்பதையெல்லாம் இந்த ஒரு அளவுகோலை வைத்துத்தான் இங்கே எடை போட்டிருக்கிறோம்.

அதற்கும் முன்னால் ஒன்று. எடுக்க வேண்டுமா என்பதை முடிந்தவரை பிள்ளையிடமே கேளுங்கள். கண்ணாடியில் தொட்டுக் காட்டி "இது வேணுமா, வேண்டாமா" என்று கேட்டால் பேச்சு வராத பிள்ளைகளிலும் பலர் தலையசைத்தோ கையால் தள்ளியோ பதில் சொல்வார்கள். கல்யாண வீட்டில் யாரோ ஒரு அத்தை முகம் சுளித்தாள் என்பதற்காகச் செய்யும் வேலை இல்லை இது. பூனைமுடி மட்டும்தான், பிள்ளைக்கும் அதைப் பற்றிக் கவலை இல்லை என்றால் விட்டுவிடலாம்.

பேனா ட்ரிம்மர்: எங்கள் முதல் தேர்வு

பேனா பருமனில், நுனியில் சீப்புப் பல் போன்ற சின்ன நேர்பட்டை வெட்டுமுனை உள்ள வகை. பிலிப்ஸ், பானசோனிக், வீட் மூன்று பேருமே பெண்களுக்கென்று இந்த வகையில் விற்றிருக்கிறார்கள். விலை பொதுவாக 500 முதல் 2,000 ரூபாய்க்குள். நிலையாக நிற்கும் ஒரு பல்வரிசைக்குப் பின்னால் இன்னொரு பல்வரிசை ஓடி வெட்டுகிறது. ஓடும் கூர்முனை தோலை நேராகத் தொடுவதில்லை. பிள்ளை திடீரென்று தும்மினாலும் சிரித்தாலும் வெட்டுக்காயம் படுவது அரிது.

குறை என்னவென்றால், ஒட்ட வெட்டாது. தடவிப் பார்த்தால் சொரசொரப்பு தெரியும். தாடையில் கெட்டியான முடி இருந்தால் மூன்று நாலு நாளில் மறுபடி எடுக்க வேண்டிவரும். மேலுதட்டுக்கு ஒரு வாரம், பத்து நாள் தாங்கும். வழித்தால் முடி தடித்து வளரும் என்பது நம்மிடையே ஊறிப்போன பயம். முடியின் வேர் தோலுக்குள் இருக்கிறது, மேலே வெட்டுவது அதற்குத் தெரியாது. இயல்பான முடி நுனி மெலிந்து முடியும். வெட்டிய முடியின் நுனி மொட்டையாக இருப்பதால் கைக்குக் கனமாகத் தெரிகிறது, அவ்வளவே.

வாங்கும்போது சத்தத்தைக் காற்றில் கேட்டு முடிவு செய்யாதீர்கள். உங்கள் கன்னத்து எலும்பிலும் மேலுதட்டிலும் வைத்து ஓடவிட்டுப் பாருங்கள். எலும்பு வழியாகவும் பல் வழியாகவும் போகும்போது அதே சத்தம் பல மடங்காகக் கேட்கும். பிள்ளைக்குக் கேட்கப்போவது அந்தச் சத்தம்தான். இதனாலேயே டெமோ பீஸ் வைத்திருக்கும் கடையாகப் பார்த்துப் போவது நல்லது. ஜெயநகர் நாலாவது பிளாக், கமர்ஷியல் ஸ்ட்ரீட் பக்கம் இருக்கும் பெரிய கடைகளிலும் மால்களிலும் கேட்டுப் பாருங்கள். ஆன்லைனில் வாங்கிப் பிரித்துவிட்டால், உடம்பில் படும் பொருள் என்று பெரும்பாலும் திருப்பி எடுக்க மாட்டார்கள்.

இந்தக் கருவி தோற்றுப்போவதற்கு முக்கியமான காரணம் பேட்டரி. தீர்ந்துகொண்டிருக்கும் பேட்டரியில் பட்டை மெதுவாக ஓடும். முடியை வெட்டாமல் கவ்வி இழுக்கும். ஒரே ஒரு இழுப்பு போதும், அப்புறம் அந்தக் கருவியைப் பார்த்தாலே பிள்ளை முகத்தை மூடிக்கொள்ளும். பேட்டரி முழுக்கச் சாகட்டும் என்று காத்திருக்காமல், சத்தம் கொஞ்சம் கம்மியானதுமே மாற்றிவிடுங்கள். எடுத்த பழைய பேட்டரி ரிமோட்டுக்கு ஆகும். திரும்பச் சார்ஜ் செய்யும் டிரிபிள் ஏ பேட்டரி 1.2 வோல்ட்தான் தரும், சாதா ஆல்கலைன் 1.5 வோல்ட். சில மாடல்களில் இந்த வித்தியாசமே வேகத்தைக் குறைத்துவிடுகிறது. யூஎஸ்பி மாடல் என்றால் முதல் நாள் ராத்திரியே சார்ஜில் போட்டு வையுங்கள். சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கும்போது முகத்தில் வைக்காதீர்கள்.

லிப்ஸ்டிக் வடிவ உருட்டுத்தலை

ஃப்ளாலெஸ் என்ற பெயரில் பிரபலமாகி, இன்று ஏகப்பட்ட நகல்களோடு கிடைப்பது. வட்டமான உலோகத் தகட்டில் சின்னச் சின்னத் துளைகள். அதற்குள் நுழையும் முடியை அடியில் சுழலும் பிளேடு வெட்டும். பார்ப்பதற்குக் கத்தி மாதிரியே இல்லை, கூர்முனை எதுவும் வெளியே தெரியாது. அடிக்கடி அசையும் பிள்ளைக்குப் பாதுகாப்பில் இதுதான் முதல் இடம். கன்னத்துப் பூனைமுடிக்கும் மேலுதட்டு மென்முடிக்கும் அருமை.

தாடையின் கெட்டி முடிக்கு மட்டும் சரிப்படாது. நீளமான முடியும் தோலோடு படுத்திருக்கும் முடியும் துளைக்குள் நுழையாது. நுழையவில்லையே என்று அழுத்தி அழுத்தித் தேய்ப்பார்கள். தகடு சூடேறும், தோல் சிவக்கும். முதலில் பேனா ட்ரிம்மரால் வெட்டிக் குட்டையாக்கிவிட்டு அப்புறம் இதை வைத்துச் சின்னச் சின்ன வட்டமாக, அழுத்தாமல் ஓட்டினால் வேலை செய்யும். மலிவான நகல்களில் தகட்டின் விளிம்பு பிசிறாக இருப்பதுண்டு. நகத்தால் சுற்றிலும் தடவிப் பார்த்து வாங்குங்கள். ஒருமுறை கீழே விழுந்து தகடு நெளிந்துவிட்டால் அந்தத் தலையை முகத்தில் வைக்கக்கூடாது, மாற்றத்தான் வேண்டும்.

முக ரேசர்

நீளமான கைப்பிடி, ஒற்றை பிளேடு, அதன்மேல் சின்னப் பல் காப்பு. ஜப்பானின் கை கம்பெனியுடையதும் இன்னும் பலதும் கிடைக்கின்றன. விலை குறைவு, சத்தமே இல்லை. அதிர்வும் இரைச்சலும் ஆகவே ஆகாத, ஆனால் அசையாமல் உட்காரக்கூடிய ஒரு பிள்ளைக்கு இதைவிட நல்லது கிடையாது. தோலை விரலால் லேசாக இழுத்துப் பிடித்து, 45 டிகிரி சாய்வில், முடி வளரும் திசையிலேயே, ஒரு அங்குலத்துக்கும் குறைவான சின்னச் சின்ன இழுப்புகளாக எடுக்க வேண்டும். மூன்று நாலு தடவைக்கு மேல் ஒரே பிளேடு வேண்டாம். மழுங்கிய பிளேடுதான் கீறும்.

திடீர்த் துள்ளல், நடுக்கம், அடிக்கடி வரும் வலிப்பு இருக்கும் பிள்ளைகளுக்கு வேண்டவே வேண்டாம். முகப்பருவோ தட்டையான சின்ன மருக்களோ இருந்தாலும் வேண்டாம். மருவின் மேல் பிளேடு ஓடினால் அதே கோட்டில் புதிய மருக்கள் வரிசையாகக் கிளம்பும்.

வேண்டாம் என்று ஒதுக்கியவை

முடி நீக்கும் க்ரீமில் வேலை செய்வது தயோகிளைகோலேட் என்ற உப்பு. காரத்தன்மை மிக அதிகம். முடியின் கெரட்டினைக் கரைக்கிறது; தோலின் மேலடுக்கும் கெரட்டின்தான் என்பதால்தான் டப்பாவில் நிமிடக் கணக்குப் போட்டிருக்கிறார்கள். எரிகிறது என்று சொல்லத் தெரியாத பிள்ளைக்கு, மூக்குக்கும் வாய்க்கும் நடுவில், நக்கிவிடக்கூடிய இடத்தில் இதைப் பூசுவது தேவையா? எச்சில் வழியும் பிள்ளைகளுக்கு வாயைச் சுற்றித் தோல் ஏற்கெனவே ஊறிப் புண்ணாகி இருக்கும். அங்கே க்ரீம் பட்டால் வெந்துவிடும். ப்ளீச்சில் அமோனியா நெடி, முடியும் போவதில்லை. நம் மாநிறத்தில் அது பொன்னிறமாக மின்னி முன்னைவிடப் பளிச்சென்று தெரியும். ஸ்பிரிங் கம்பி, எபிலேட்டர் எல்லாம் வேரோடு பிடுங்குகிறவை, பேச்சுக்கே இடமில்லை. வேக்ஸைப் பற்றி ஒரு எச்சரிக்கை மட்டும்: பருவுக்கு அடாபலீன், ட்ரெட்டினாயின் பூசிக்கொண்டிருந்தாலோ ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தாலோ வேக்ஸ் தோலையே உரித்துக்கொண்டு வரும்.

பார்லர் த்ரெடிங்

நம்மூர்ப் பெண்களுக்கு இதுதான் பழக்கம், அதனால் முழுக்கத் தள்ளிவிட மனசு வராது. வலியைத் தாங்கிக்கொள்ளும், பார்லர் அக்காவோடு பழகிய, தானே தோலை இழுத்துப் பிடித்துக்கொள்ளும் பிள்ளைக்குச் சரிவரும். ஆனால் மூன்று விஷயம் பார்க்க வேண்டும்.

கழுத்து. டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களில் சிலருக்கு மண்டையோட்டுக்குக் கீழே முதல் இரண்டு கழுத்தெலும்புகளுக்கு நடுவே பிடிப்பு தளர்ந்திருக்கும். பார்லர் நாற்காலியில் தலையைப் பின்னால் மடக்கி, தாடையை மேலே தள்ளிப் பிடிப்பது அவர்களுக்கு ஆபத்து. "தலையைச் சாய்க்க வேண்டாம், நேரா உட்கார வைச்சே பண்ணுங்க" என்று நாற்காலியில் உட்காரும் முன்பே சொல்லிவிடுங்கள்.

மொழி. பெங்களூர் பார்லர்களில் வேலை செய்பவர்களில் நிறையப் பேர் வடகிழக்கிலிருந்தும் நேபாளத்திலிருந்தும் வந்தவர்கள். கெட்டிக்காரர்கள்தான், ஆனால் நம் பிள்ளைக்குத் தமிழ் மட்டும்தான் புரியும் என்றால் "ஹிலோ மத்" (அசையாதே) என்று அவர்கள் இந்தியில் சொல்வது வெறும் அதட்டலாகத்தான் காதில் விழும். நீங்கள் பக்கத்திலேயே நின்று "கண்ணு, இப்ப மூணு இழுப்பு... ஒண்ணு, ரெண்டு, மூணு, ஆச்சு" என்று எண்ணிச் சொல்லுங்கள். அவர்களிடம் மூன்றுக்கு மேல் இழுக்காமல் நிறுத்தச் சொல்லுங்கள். அல்சூர், ஸ்ரீராமபுரம், விவேக்நகர் பக்கம் தேடினால் தமிழ் பேசும் அக்காக்கள் நடத்தும் சின்னப் பார்லர்கள் அகப்படும்.

நேரம். சனி, ஞாயிறு பக்கமே போகாதீர்கள். நாலு ட்ரையர் ஒன்றாக ஓடும் சத்தத்தில் எந்தப் பிள்ளையும் உட்காராது. செவ்வாய்க்கிழமை முடியில் கை வைக்கக்கூடாது என்று பலர் வராமல் இருப்பதால் அன்று காலை கூட்டம் குறைவு. கடை திறந்திருக்கிறதா என்று மட்டும் போன் போட்டுக் கேட்டுக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வரும் ஆப் சேவையில் சத்தப் பிரச்சினை இல்லை, ஆனால் ஒவ்வொரு தடவையும் புது முகம் வரலாம். முன்பு வந்தவரையே கேட்டு வாங்க முடிந்தால்தான் அது உபயோகம்.

த்ரெடிங்குக்குப் பிறகு தாடையில் முடி தோலுக்குள்ளேயே சுருண்டு, கட்டி கட்டியாகி, கருந்தழும்பாக நின்றால் அந்தப் பிள்ளைக்கு அது ஒத்துவரவில்லை என்று அர்த்தம். அடுத்த முறை சரியாகிவிடும் என்று தொடராதீர்கள்.

வீட்டில் எடுக்கும் முறை

வாங்கிய அன்றைக்கே ஆரம்பிக்காதீர்கள். ட்ரிம்மர் சில நாள் ஓடாமல் மேஜையில் கிடக்கட்டும், பிள்ளை எடுத்துப் பார்க்கட்டும். பிறகு பக்கத்து அறையில் ஓடவிடுங்கள். அடுத்து, அம்மா தன் கையில் ஓட்டிக் காட்டலாம். அப்புறம் பிள்ளையின் உள்ளங்கை, முன்கை, தோள். கன்னத்துக்கு வந்ததும் முதலில் வெட்டுமுனையை வைக்காமல் பின்புறத்தை, அதுவும் ஓடாமல் வைத்துப் பாருங்கள். எந்தப் படியில் முகம் சுளிக்கிறதோ அதற்கு முந்திய படிக்குத் திரும்பிவிடுங்கள். இந்த வேலை ஒரு வாரத்திலும் முடியலாம், இரண்டு மாதமும் ஆகலாம்.

தோல் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். ஈர முடி தோலோடு ஒட்டிப் படுத்துக்கொள்ளும், பட்டை அதன்மேல் வழுக்கிப் போகும். குளித்த உடனே வேண்டாம், அரைமணி கழித்து. க்ரீம், எண்ணெய், பவுடர் எதுவும் வேண்டாம். பவுடரை மூக்குக்குப் பக்கத்தில் கொட்டுவது மூச்சுக் கோளாறுள்ள பிள்ளைகளுக்கு நல்லதில்லை. டிஷ்யூவால் ஒற்றி எடுத்தால் போதும். ஜன்னல் வெளிச்சமே சிறந்தது. துடிக்கும் பழைய ட்யூப்லைட் அடியில் உட்கார வைக்காதீர்கள்.

முதுகு சாய்ந்து, பாதம் தரையில் பதியும் நாற்காலியாக இருக்கட்டும். நீங்கள் எதிரே சற்றுப் பக்கவாட்டில், அவள் கண் மட்டத்துக்கு உட்காருங்கள். தலைக்கு மேலிருந்து கை வருவது யாருக்கும் பிடிக்காது. தொடங்கும் முன் இரண்டு கன்னத்தையும் உள்ளங்கையால் சில நொடி நன்றாக அழுத்திப் பிடியுங்கள். தொடு உணர்வு அதிகமுள்ள பிள்ளைகளில் பலருக்கு மெல்லிய தொடுகைதான் கூசும், உறுதியான அழுத்தம் அமைதி தரும்.

பெருமூளை வாதம் இருந்தால் தலையை ஒரு பக்கமாகத் திருப்பிப் பிடிக்காதீர்கள். சிலருக்குத் தலை திரும்பிய பக்கத்துக் கை தானாக விறைத்து நீளும். அது வந்து ட்ரிம்மர் பிடித்த கையைத்தான் தட்டும். தலை நடுவிலேயே இருக்கட்டும், நீங்கள் இடம் மாறி உட்காருங்கள். சட்டென்று சுவிட்ச் போடும் சத்தத்துக்கே உடம்பு தூக்கிப்போடும் என்றால், ட்ரிம்மரைத் தூரத்திலேயே ஓடவிட்டுப் பிறகு மெல்லப் பக்கத்தில் கொண்டுவாருங்கள். காது மிஷின் போட்டிருக்கும் பிள்ளைக்கு அதைக் கழற்றினால் சத்தம் தொல்லை தராது, ஆனால் உங்கள் குரலும் கேட்காது. எண்ணிக்கையை விரலில் காட்டுங்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியம், கருவி பிடித்திருக்கும் கையின் சுண்டுவிரலும் மோதிரவிரலும் அவள் தாடையிலேயே ஊன்றியிருக்க வேண்டும். அவள் தலை அசைந்தால் உங்கள் கையும் சேர்ந்தே அசையும், கருவி தோலில் குத்தாது. அந்தரத்தில் கையை வைத்துக்கொண்டு எடுப்பவர்கள்தான் உதட்டில் இடிக்கிறார்கள்.

ட்ரிம்மர் முடிக்கு எதிர்த்திசையில் போகும். மேலுதட்டில் முடி கீழேயும் வெளிப்பக்கமும் பார்த்து வளர்வதால், உதட்டோரத்திலிருந்து மூக்கை நோக்கி மேலே. "உதட்டை உள்ளே மடி" என்றால் செய்யத் தெரிந்த பிள்ளைக்கு வேலை சுலபம். தெரியாவிட்டால் வாயோரத்தில் ஒரு விரலை வைத்து லேசாக இழுத்துக்கொள்ளுங்கள். தாடைக்கு அடியில் முடி பல திசையில் சுழித்திருக்கும், விரலால் தடவி எந்தப் பக்கம் உறுத்துகிறது என்று பார்த்துப் போங்கள். கிருதாவை நேர்கோடாக வெட்டிவிடாதீர்கள், தனியாகத் தெரியும். ஒரு தடவைக்கு நாலைந்து நிமிடம் போதும். "போதும்" என்பதற்கு ஒரு சைகையோ ஒரு அட்டையோ வைத்து, அவள் அதைக் காட்டினால் ஒரு முடி பாக்கியிருந்தாலும் நிறுத்திவிடுங்கள். அந்த நம்பிக்கை இருந்தால்தான் அடுத்த தடவை முகத்தைக் கொடுப்பாள்.

முடிந்ததும் குளிர்ந்த தண்ணீரில் நனைத்த பழைய மல் துணியால் ஒற்றி, வாசனையில்லாத மாய்ஸ்சரைசர். அன்றைக்குப் பூசு மஞ்சள், குப்பைமேனி, கடலைமாவுத் தேய்ப்பு எதுவும் வேண்டாம். அப்போதுதான் எடுத்த தோலில் எரியும். பிப்ரவரி, மார்ச்சில் பெங்களூர்க் காற்று தோலை வறட்டிவிடும், போர் தண்ணீர் வரும் ஏரியா என்றால் கேட்கவே வேண்டாம். அந்த மாதங்களில் ராத்திரியும் ஒருமுறை மாய்ஸ்சரைசர் போடுங்கள். எச்சில் வழியும் பிள்ளைக்கு வாயைச் சுற்றி மெல்லிய வாசலின் பூச்சு.

டாக்டரிடம் போக வேண்டிய இடம்

வலிப்புக்கு ஃபெனிடாயின் சாப்பிடும் பிள்ளைகளுக்கு முடி அதிகம் வளர்வது தெரிந்த பக்கவிளைவு. வால்ப்ரோயேட் என்ற இன்னொரு வலிப்பு மருந்து பிசிஓஎஸ் (சினைப்பை நீர்க்கட்டியோடு வரும் ஹார்மோன் கோளாறு) போன்ற மாற்றங்களோடு சம்பந்தப்பட்டது. நிம்ஹான்ஸிலோ வேறு எங்கோ காட்டிக்கொண்டிருந்தால் அடுத்த ஃபாலோஅப்பில் சொல்லுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்தவே கூடாது. மாதவிடாய் தள்ளிப்போவது, பரு, சட்டென்று கெட்டி முடி இவை சேர்ந்து வந்தால் ஹார்மோன் பரிசோதனை அவசியம்.

எஃப்லார்னித்தின் 13.9 சதவீத க்ரீம் முடியை நீக்காது, வளர்ச்சியைத் தாமதப்படுத்தும். 12 வயதுக்கு மேல், டாக்டர் சீட்டோடு, எட்டு மணி நேர இடைவெளியில் தினம் இரண்டு முறை. பூசிய நாலு மணி நேரத்துக்கு அந்த இடத்தைக் கழுவக்கூடாது. முகத்தைத் துடைத்துக்கொண்டே இருக்கும் பிள்ளைக்கு எப்படிச் சாத்தியம் என்று யோசித்துக்கொள்ளுங்கள். பலன் தெரிய ஓரிரு மாதமாகும், நிறுத்தினால் பழையபடி வளரும்.

லேசர் என்றால் நம் நிறத்துக்கு 1064 நானோமீட்டர் அலைநீளமுள்ள என்டி யாக் என்ற லேசர் வகை பாதுகாப்பானது. நாலு முதல் ஆறு வார இடைவெளியில் பல அமர்வுகள். ஒவ்வொரு தடவையும் கண்ணில் காப்பு இருந்தே ஆகவேண்டும். அதைப் பிடுங்கி எறியும் பிள்ளைக்கு இப்போதைக்கு லேசர் இல்லை. கன்னத்து மெல்லிய பூனைமுடியில் லேசர் அடித்தால் சிலருக்கு முடி குறைவதற்குப் பதிலாக அதிகமாகும், தெற்காசியப் பெண்களிடம் இது கூடுதலாகக் காணப்படுவது. கெட்டி முடிக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். லேசருக்குப் பதில் பலமான ஒளியை விட்டுவிட்டு அடித்து முடியைக் குறைக்கும் ஐபிஎல் கருவிகள் வீட்டில் பயன்படுத்தக் கிடைக்கின்றன, அவை பளீர் பளீரென்று மின்னும். வெளிச்சத்தால் வலிப்பு வரும் பிள்ளை இருக்கும் வீட்டில் அதை வாங்காதீர்கள்.

பராமரிப்பு

ஒவ்வொரு முறையும் தலையைக் கழற்றிப் பிரஷ்ஷால் முடியைத் தட்டி, ஸ்பிரிட் நனைத்த பஞ்சால் துடையுங்கள். கழுவலாம் என்று அட்டையில் போட்டிருந்தால் மட்டுமே தண்ணீர். மாதம் ஒருமுறை பட்டையில் ஒரு சொட்டு தையல் மிஷின் எண்ணெய் விட்டு, ஓடவிட்டு, நன்றாகத் துடைத்துவிடுங்கள். தேங்காயெண்ணெய் வேண்டாம்: டிசம்பர் காலையில் பாட்டிலிலேயே உறைந்து நிற்பது பட்டைக்குள்ளும் உறையும், அப்புறம் அதே இழுப்புதான். அவளுடைய கருவி அவளுக்கு மட்டும். அக்காவுக்கோ தங்கைக்கோ வேண்டுமென்றால் தனியாக ஒன்று வாங்குங்கள். மாற்றுத் தலை தனியாகக் கிடைக்குமா என்று பில் போடும் முன்பே கேட்டுவிடுங்கள். கிடைக்காத மாடலில் பட்டை மழுங்கியதும் முழுக் கருவியையும் தூக்கிப்போட்டு, புதிய சத்தத்துக்குப் பிள்ளையை முதலிலிருந்து பழக்க வேண்டியிருக்கும்.